பெரியம்மாவின் கண்ணும் குக்கர் கணக்கும்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் குடியிருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் பலகை தெரியவில்லை, காவிரியில் தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார். ஒருவழியாகச் சென்ற மாதம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"தம்பி, வலி ஒண்ணுமில்லே. ஆனா ஒண்ணு கேக்கணும். எனக்கு முன்னாடி போன அம்மாவுக்குப் போர்த்தியிருந்த துணி, தொப்பி, டாக்டர் கை உறை, எல்லாத்தையும் ஒரு பையிலே போட்டுக் கட்டிட்டாங்க. புதுசு மாதிரி இருந்துதே! அதெல்லாம் எங்கே போகும்?"

இயற்பியல் ஆசிரியனுக்கு இது வெட்கமான நிலை. கண் வில்லையின் குவியத் தொலைவைப் பற்றிக் கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். இதற்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பைக்குள் போனது எங்கே போகிறது?

மருத்துவமனைக்குப் போனால் அங்கே வைத்திருக்கும் தொட்டிகளின் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறங்கள் இருக்கும். இது அழகுக்காகச் செய்ததல்ல. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் இப்படிப் பிரிக்கச் சொல்கின்றன. இரத்தம் பட்ட பஞ்சு, உடல் திசுக்கள் ஆகியவை மஞ்சளில், அசுத்தமான பிளாஸ்டிக் குழாய்களும் கையுறைகளும் சிவப்பில், ஊசி, கத்தி போன்ற கூரானவை துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். சிவப்பில் போனதை நீராவியில் சுத்தம் செய்து, துண்டு துண்டாக்கி, மறுபடி பயன்படுத்தலாம். மஞ்சளில் போனதைப் பெரும்பாலும் எரித்துவிடுகிறார்கள்.

எரிப்பது என்றால் தெருமுனையில் குப்பைக்குத் தீ வைப்பது போலல்ல. உலையின் முதல் அறையில் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு, அதிலிருந்து எழும் புகை போகும் இரண்டாவது அறையில் சுமார் 1,050 டிகிரி. அந்த வெப்பத்தில் புகை 2 விநாடியாவது தங்க வேண்டும். அப்படித் தங்காவிட்டால், குளோரின் கலந்த பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின் என்னும் கொடிய நச்சு வெளிப்படும்.

சரி, முறைப்படியே எரித்தாலும் என்ன ஆகிறது? ஒருமுறை அணிந்து எறியும் அங்கிகள் பல, துணி போலத் தோன்றினாலும் உண்மையில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கே. அதன் அடிப்படை அலகில் 3 கார்பன் அணுக்களும் 6 ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. எடை 42. எரியும்போது 3 கார்பனும் 3 கரியமில வாயு மூலக்கூறுகளாகின்றன. அவற்றின் எடை 132. அதாவது ஒரு கிலோ அங்கியை எரித்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு! எடை எப்படிக் கூடியது என்று திகைக்காதீர்கள்; கூடிய எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. அங்கியைச் செய்த ஆலையும், கொண்டுவந்த லாரியும் எரித்தது தனி.

இப்படி உலகம் முழுவதும் மருத்துவத்துறை வெளியிடும் வெப்ப வாயுக்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். 'ஹெல்த் கேர் விதவுட் ஹார்ம்' என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் மொத்த வெளியீட்டில் 4.4 சதவீதம் மருத்துவத்துறையுடையது. மருத்துவத்துறை ஒரு நாடாக இருந்தால், அதிகம் வெளியிடும் நாடுகளின் வரிசையில் அதற்கு ஐந்தாம் இடம் கிடைத்திருக்கும். நோயைத் தீர்க்க வந்த இடமே, வெயிலாலும் வெள்ளத்தாலும் வரும் நோய்களுக்கு ஓரளவு காரணமாகிறது.

கார்டிஃபும் மதுரையும்

புரை அறுவை சிகிச்சை ஒன்றுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளிப்படுகிறது? பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து மருத்துவமனை ஒன்றில் இதைக் கணக்கிட்டு 2013இல் வெளியிட்டார்கள். நோயாளியின் பயணம், கட்டடத்தின் மின்சாரமும் வெப்பமூட்டலும், வாங்கிய பொருள்கள் எல்லாம் சேர்த்து ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 180 கிலோ. அதில் பாதிக்கு மேல், வாங்கிப் பயன்படுத்தி எறிந்த பொருள்களால் வந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அவர் தாமே கத்தியைப் பிடித்து ஆயிரக்கணக்கானோருக்கு அறுவை செய்தார் என்பது தனிக்கதை. அந்த நிறுவனத்தின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் அமெரிக்க ஆய்வாளர் கசாண்ட்ரா தீலும் உடன் பணியாற்றியவர்களும், குப்பையைத் தராசில் நிறுத்தும் மின்மீட்டரைப் பார்த்தும் எடுத்த கணக்கு 2017இல் வெளிவந்தது. கேளா ஒலியால் புரையை உடைத்து எடுக்கும் முறையில் ஒரு கண்ணுக்குக் குப்பை 250 கிராம். வெளியான வாயுக்கள், கரியமில வாயுவாக மாற்றிச் சொன்னால், கிட்டத்தட்ட 6 கிலோ. பிரிட்டனின் அளவில் இது ஏறக்குறைய 5 சதவீதம்தான்!

6 கிலோ என்பது எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஆகவே 6 கிலோ என்பது இரண்டரை லிட்டருக்குச் சற்று அதிகம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் திருச்சியிலிருந்து மதுரை வரை ஒருமுறை போகலாம். கார்டிஃபின் 180 கிலோவுக்கு அதே வண்டியில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போய்விடலாம். நோயாளி வீட்டிலிருந்து வந்து போன பயணத்தையெல்லாம் சேர்த்தது கார்டிஃப் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு எண்களைக் கண்டவுடன் வகுத்துப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. எவற்றைக் கூட்டி அந்த எண்கள் வந்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

மதுரையில் என்ன மந்திரம் செய்கிறார்கள்? மந்திரம் இல்லை. ஓர் அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரை அடுத்த மேசையில் தயார் செய்துவிடுகிறார்கள். நுண்ணோக்கியைத் திருப்பி வைத்து மருத்துவர் அடுத்த கண்ணுக்குப் போகிறார். துணி அங்கிகளைத் துவைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஒரு கண்மருந்துப் புட்டி பலருக்குப் பயன்படுகிறது. உலோகக் கருவிகள் எறியப்படுவதில்லை. சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன. குப்பையிலும் பெரும்பகுதியைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள்.

1976இல் டாக்டர் வெங்கடசாமி கரியமில வாயுவைக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவருக்கு இருந்த கவலை வேறு. பணமில்லாத கிராமத்து மனிதருக்கும் பார்வை கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் வில்லையை இறக்குமதி செய்தால் கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தையே தொடங்கினார்கள். செலவைக் குறைக்கப் போனவர்கள் புகையையும் குறைத்துவிட்டார்கள்.

அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி வேறொன்று. மதுரையின் 6 கிலோவில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? கருவிகளைச் சுத்திகரிக்கும் வேலையிலிருந்து! எறியாமல் திரும்பப் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் அவற்றை நீராவியில் வேகவைத்தாக வேண்டுமே. இந்த இடத்தில் மருத்துவம் நம் வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது.

பெரிய குக்கர்

எங்கள் தெருக்காரப் பெண் ஒருவர் பெரியம்மா இருந்த மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு சுத்திகரிப்பு அறையைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நடுவில் எஃகினாலான உருளை, கனத்த கதவு, அழுத்தமானி. இதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். பாஸ்டரோடு பணியாற்றிய சார்லஸ் சேம்பர்லாந்து 1879இல் அமைத்தது. அதற்கும் 200 ஆண்டுகளுக்கு முன், 1679இல், டெனிஸ் பாப்பின் எலும்பை வேகவைக்கச் செய்த பாத்திரம்தான் இதற்குப் பாட்டன். உங்கள் வீட்டுச் சமையலறையில் விசிலடிப்பது அதன் இன்னொரு பேரன்.

தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடாகாது. ஆனால் சில கிருமிகள் ஓட்டுக்குள் ஒடுங்கிய வித்துகளாக மாறி 100 டிகிரியையும் தாங்கிக்கொள்கின்றன. மூடி அழுத்தினால் கொதிநிலை உயரும். வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் கொடுத்தால் 121 டிகிரி வரும். அந்த நிலையில் 15 நிமிடம் வைத்தால் வித்துகளும் சாகும். இன்னும் அழுத்தி 134 டிகிரிக்குக் கொண்டுபோனால் 3 நிமிடமே போதும்.

நீராவி எதற்கு, அடுப்பு போன்ற சூடான காற்றறையில் வைத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் 160 டிகிரியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். காரணம் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோஜூல் தரும். 121 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீராவி, ஒரு டிகிரிகூடக் குளிராமல் நீராக மாறும்போதே ஏறத்தாழ 2,200 கிலோஜூல் தந்துவிடுகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கை ஏன் அப்படிச் சுடுகிறது என்று இப்போது புரிகிறதா? ஆவி கையில் பட்டு நீராகும்போது தன் சுமையை அங்கே இறக்கிவிட்டுப் போகிறது. கருவிகளின் மேலும் அப்படித்தான். அதோடு, ஈரமான வெப்பம் கிருமியின் புரதத்தை உலர்ந்த வெப்பத்தைவிட எளிதில் உறைய வைக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. குக்கரில் வெயிட்டை எப்போது போடுகிறார்கள் என்று வீட்டில் கவனியுங்கள். முதலில் ஆவி நேராகப் பீய்ச்சி வரட்டும் என்று காத்திருந்து பிறகுதான் போடுவார்கள். ஏன்? உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். ஆட்டோகிளேவில் காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி நம்மை ஏமாற்றிவிடும். மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம் என்று முள் காட்டும். ஆனால் அதில் பாதி காற்றினுடையதாக இருந்தால், நீராவியின் பங்கு ஒரு வளிமண்டலம்தான். டால்டன் விதி நினைவிருக்கிறதல்லவா? நீராவியின் பங்கு ஒன்று என்றால் வெப்பநிலை 100 டிகிரி. முள் சரியாக நிற்கும், கிருமி உயிரோடிருக்கும்!

ஆகவே அழுத்தத்தை மட்டும் நம்புவதில்லை. பொட்டலத்தின் மேல் ஒரு நாடா ஒட்டுகிறார்கள். நீராவியின் சூட்டில் அதன் கோடுகள் கறுக்கும். அதுவும் போதாதென்று, கடும் வெப்பத்தைத் தாங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகளைக் காகிதத்தில் தடவி உள்ளே வைத்து, பிறகு அவை முளைக்கின்றனவா என்றும் அவ்வப்போது பார்க்கிறார்கள்.

கணக்குப் போடுவோம்

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய ஆட்டோகிளேவ். எஃகு உருளையின் எடை 40 கிலோ. உள்ளே பத்துத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ கருவிகள், ஆக 5 கிலோ. காற்றை விரட்டவும் முடிவில் திறந்துவிடவும் ஆவியாக வெளியே போகும் நீர் 2 கிலோ. இவை நானே எளிமைக்காக வைத்துக்கொண்ட எண்கள். 30 டிகிரியிலிருந்து 121 டிகிரி வரை 91 டிகிரி ஏற்ற வேண்டும். எஃகின் தன்வெப்பம் கிலோவுக்கு அரைக் கிலோஜூல், நீருக்கு 4.2.

கருவிகளுக்கு: 5 × 0.5 × 91 = சுமார் 230 கிலோஜூல்.
உருளைக்கு: 40 × 0.5 × 91 = 1,820.
நீரைச் சூடாக்க: 2 × 4.2 × 91 = சுமார் 760.
அதை ஆவியாக்க: 2 × 2,200 = 4,400.

கூட்டினால் ஏறத்தாழ 7,200 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆக 2 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வருவதால், மொத்தம் 1.4 கிலோ.

இப்போது முதல் வரியை மறுபடி பாருங்கள். நமக்கு வேண்டியது கருவிகள் சூடாவது. அதற்குப் போனது 230. மொத்தத்தில் இது 3 சதவீதம்தான்! மற்றதெல்லாம் பாத்திரத்தையும் தண்ணீரையும் காய்ச்சவே போயிற்று. உருளையின் சுவர் வழியாக அறைக்குள் கசிந்த வெப்பத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் 3 சதவீதமும் குறையும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பத்துத் தட்டும் நிரம்பியிருந்தால் ஒரு கண்ணுக்கு 140 கிராம் கரியமில வாயு. அவசரம் என்று ஒரே தட்டை வைத்து ஓட்டினால், அந்த ஒரு கண்ணுக்கே கிட்டத்தட்ட 1.4 கிலோ. பத்து மடங்கு! உருளை ஆறுவதற்குள் அடுத்த சுற்றை வைத்துவிட்டால் 1,820 கிலோஜூல், அதாவது அரை யூனிட், மிச்சம். நோயாளிகளை வரிசையாக, இடைவெளியில்லாமல் பார்க்கும் மதுரை முறைக்கு இயற்பியலும் கைகொடுப்பது இங்கேதான். உருளைக்கு நல்ல வெப்பக்காப்புப் போடுவது, வெளியேறும் ஆவியின் வெப்பத்தைக் கொண்டு அடுத்த சுற்றுக்கான நீரைச் சூடாக்குவது, மின்சாரத்தையே சூரியனிடமிருந்து பெறுவது ஆகியவை அடுத்த படிகள்.

அந்த மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே செய்யும் மாபெரும் கொதிகலன்கள் இந்தியாவின் அனல் மின் நிலையங்கள் பலவற்றில் நிற்கின்றன. அங்கே நிலக்கரியால் ஆவி உண்டாக்கி, அதில் சக்கரம் சுழற்றி, மின்சாரமாக்கி, கம்பியில் கொண்டுவந்து, மருத்துவமனையில் அதைக் கொண்டு மறுபடி ஆவி உண்டாக்குகிறோம். வழியில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் வீணாகிறது. ஆவிக்காக ஆவி! சில மருத்துவமனைகள் கூரையில் சூரிய வெப்பத்தால் நேராகவே தண்ணீரைச் சூடாக்கிவிடுவது ஏன் புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எதை மிச்சப்படுத்தக் கூடாது

இவ்வளவையும் படித்துவிட்டு, "ஊசியையும் கழுவிப் போடலாமே" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். 2009இல் குஜராத்தில் மொடாசா என்ற ஊரில், ஒருமுறை போட்ட ஊசிகளையே மறுபடி பயன்படுத்தியதால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவிப் பலர் இறந்தார்கள். நுண்ணிய துளையுள்ள ஊசிக்குள்ளே தேய்த்துக் கழுவ முடியாது. கழுவாத அழுக்கை ஆவியும் சரியாகத் தொடாது. அது எறிய வேண்டிய பொருள்தான்.

எங்களூருக்கு அருகிலேயே ஒரு துயரம் நடந்தது. 2008இல் பெரம்பலூரில் புரை அறுவை செய்துகொண்ட ஏழை எளியவர்கள் பலர் கிருமித் தொற்றினால் பார்வையை இழந்தார்கள். பார்வை தேடி வந்தவர்கள் அவர்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே கார்டிஃபில் எறிகிறவர்களை ஊதாரிகள் என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பயத்தினால்தான் எறிகிறார்கள்; அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

அப்படியானால் மதுரை முறை ஆபத்தானதா? இதை வாதத்தால் தீர்க்க முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். அரவிந்த் மருத்துவர்கள் தங்களிடம் நடந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவைகளை எண்ணி 2019இல் வெளியிட்டார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஒரு துளி கிருமிக்கொல்லி மருந்து செலுத்தாதபோது பத்தாயிரத்துக்கு 7 பேருக்குக் கண்ணுக்குள் தொற்று. செலுத்தத் தொடங்கிய பிறகு பத்தாயிரத்துக்கு 2 பேருக்கு. வளர்ந்த நாடுகளின் கணக்கோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்ததல்ல. பளபளக்கும் புதிய அங்கியைவிட அந்த ஒரு துளி மருந்து அதிகம் காத்திருக்கிறது. எது உண்மையில் காக்கிறது, எது பழக்கத்தினால் செய்வது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களின் முக்கியமான பணி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண் மருத்துவர்கள் இப்போது இந்தக் கேள்வியைத் தங்கள் விதிகளை நோக்கிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத குப்பை

பெரியம்மாவுக்குக் கண் மட்டுமே மரத்துப்போனது. அவர் விழித்துக்கொண்டு டாக்டரின் பேச்சைக் கேட்டபடி படுத்திருந்தார். பெரிய அறுவைகளில் முழு மயக்கம் தேவைப்படும். அதற்கு முகர வைக்கும் ஆவிகளில் ஒன்று டெஸ்ஃப்ளூரேன். உடல் இதை ஏறக்குறைய சிதைப்பதே இல்லை. உள்ளே போனது மூச்சில் வெளிவந்து, குழாய் வழியாகக் கூரைக்கு மேலே காற்றில் கலந்துவிடுகிறது.

அதனால் என்ன? 15 டிகிரி சராசரி வெப்பமுள்ள நம் பூமி, வீன் விதிப்படி, 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர்களை அதிகமாக வெளியிடுகிறது. கரியமில வாயு முக்கியமாக மறிப்பது 15 மைக்ரானுக்கு அருகில். 8 முதல் 12 மைக்ரான் வரை வளிமண்டலத்தில் ஒரு சன்னல் திறந்தே இருக்கிறது. பூமியின் வெப்பம் அந்த வழியாகத் தப்புகிறது. டெஸ்ஃப்ளூரேனில் உள்ள கார்பன்-ஃப்ளூரின் பிணைப்புகள் அதிர்வது அந்தச் சன்னலுக்குள்தான். சிறிதளவு போனாலும் சன்னலுக்குத் திரை போட்டதாகிவிடும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ டெஸ்ஃப்ளூரேன் சுமார் 2,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 240 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் சுமார் 350 கிராம் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 875 கிலோ! கிட்டத்தட்ட 380 லிட்டர் பெட்ரோல். அதே வேலைக்குப் பயன்படும் செவோஃப்ளூரேன் புட்டி ஒன்று 50 கிலோவை ஒட்டித்தான் வரும். அது காற்றில் விரைவில் சிதைந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்து தன் அரசு மருத்துவமனைகளில் டெஸ்ஃப்ளூரேனை 2023இல் நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், மருத்துவக் காரணத்தால் வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்தலாம் என்று விதித்திருக்கிறது. நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லாமல், புட்டியை மாற்றியதாலேயே இவ்வளவு மிச்சம்.

எல்லா மாற்றமும் இவ்வளவு எளிதல்ல. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் மருத்துவமனையில் கழிவுநீரைத் தொட்டிகள் வழியாகவும் செடிகள் நட்ட சரளைக்கல் படுகை வழியாகவும் ஓடவிட்டுச் சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். அதற்கு நிலம் வேண்டும், பொறுமையும் வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு இந்தச் செய்தியில் தனி அக்கறை உண்டு. நாம் ஆற்றில் விடுவதைக் கல்லணைக்குக் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்த கண்ணைத் தனியாப் பண்ணிக்காம, நாலு பேர் பண்ணிக்கிற நாளாப் பார்த்துச் சொல்லு" என்றார். பத்துத் தட்டுக் கணக்கை எனக்கு முன்பே அவர் போட்டுவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு இரண்டாவது கண்.

அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் பெரியவர்களின் துணையோடு இதைச் செய்யுங்கள். காலிக் குக்கரின் எடையை மளிகைக் கடைத் தராசில் பாருங்கள். அது அலுமினியமானால் தன்வெப்பம் 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர் போடுகிறார்கள் என்று அளந்துகொள்ளுங்கள். அரிசியின் தன்வெப்பத்தை 1.8 எனலாம். மேலே செய்தது போலவே நான்கு வரி எழுதி, அடுப்பின் வெப்பத்தில் அரிசிக்குப் போனது எத்தனை சதவீதம் என்று கண்டுபிடியுங்கள். ஆவியாகி வெளியே போன நீரின் எடையை எப்படி அளப்பது என்பதை நான் சொல்லப்போவதில்லை. தராசு உங்களிடமே இருக்கிறது; மூடியைத் திறக்கும் முன் குக்கர் முழுவதும் ஆறிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.